தானாக எடுக்கும் போன்

என் மகனைக் கண்டுபிடிப்பாளன் என்று அவன் மாமனார் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு கட்டடம். கீழே புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் கடை, மேலே ஏ.சி. போட்ட அறை. அந்த அறையில் என் மகனும், அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்த அவன் கூட்டாளியும் சேர்ந்து முதியவர்களுக்கென்று ஒரு டெலிபோன் செய்துகொண்டிருந்தார்கள். முதியவர்கள் என்றால் என்னைப் போன்றவர்கள். எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மாதா கோவில் பூசைக்கு நடந்தே போவேன், பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே போவேன், வீட்டுவரிக் கணக்கை நானே பார்ப்பேன். ஆனால் டெலிபோன் என்று வந்தால் எனக்குப் புரியாது என்று அந்த இரண்டு பேரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

முதலில் என்னை அந்த அறைக்கு வரவழைத்தார்கள். அதற்கு 'யூசர் டெஸ்ட்' என்று பெயர். என்னோடு இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், காதில் மெஷின் வைத்த அவர் மனைவி, மற்றபடி கூட்டாளியின் சொந்தக்காரர்கள். பிஸ்கட் வைத்தார்கள், பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். மேஜை நடுவில் அந்தப் போன் இருந்தது. கூட்டாளி என் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்து, காது கேட்காத பேருக்குச் சொல்வதுபோல் கத்தினான்.

"ஆன்ட்டி, இந்தப் பச்சை பட்டனை… அமுக்குங்க பார்ப்போம்."

அமுக்கினேன். பக்கத்து அறையில் மணி அடித்தது. அவன் கை தட்டினான். உடனே எல்லோரும் கை தட்டினார்கள். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவளுக்குக்கூட நான் கை தட்டியதில்லை. அடுத்த தடவையும் வாங்கு என்றுதான் சொல்வேன். ஒரு பட்டனை அமுக்கியதற்காக எனக்குக் கை தட்டல் கிடைத்தது அன்றைக்குத்தான்.

எங்கள் கூட்டமும் லேசுப்பட்டதில்லை. பேங்க் மேனேஜர் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஈஸியா இருக்கு தம்பி, எங்களுக்குன்னு யார் இப்படி யோசிக்கிறாங்க" என்று கண்கலங்கினார். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த ஏ.சி.யில் உட்கார வைத்து அம்மிக்கல்லைக் காட்டியிருந்தாலும் ரொம்ப ஈஸியாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதை எல்லாம் கூட்டாளி ஒரு தாளில் கருத்துக்கணிப்பு என்று ஏற்றிக்கொண்டான்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பாடு சூடாக வைக்கும் ஹாட்பேக் டப்பா அளவு, நிறமும் அதே பழுப்பு வெள்ளை. மேலே மூன்று பட்டன்கள், ஒவ்வொன்றும் ஊத்தப்பம் அளவு. பச்சையில் கழுத்தில் டை கட்டிய என் மகனின் போட்டோ. சிவப்பில் டாக்டர். அது என் டாக்டர் இல்லை, ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த வெள்ளைக்காரர். மஞ்சளில் 'உதவி' என்று எழுதியிருந்தது. அதை அமுக்கினால் தி. நகர் ஆபீசுக்கே போகும், அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். நம்பர் போட வழியே இல்லை. சுழற்ற வட்டும் இல்லை, அமுக்க எண்களும் இல்லை. இத்தனைக்கும் மேலே அதன் பெரிய சாமர்த்தியம் ஒன்று இருந்தது. யாராவது கூப்பிட்டால் அது தானாகவே எடுத்துக்கொள்ளும். மணி பாதி அடிக்கும்போதே திறந்துகொண்டு, எதிர்முனைக் குரலை ஹால் முழுக்க ஒலிபரப்பும். வயதானவர்கள் ஓடி வந்து எடுக்க வேண்டாமாம், வழியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்களாம்.

அதைக் கொண்டுவந்து என் வீட்டு ஹாலில் மாட்டிய அன்று மகனிடம் கேட்டேன்.

"நம்பர் எங்கேடா?"

"நம்பர் எதுக்கும்மா? யார்கிட்ட பேசணுமோ அவங்க போட்டோ இருக்கே."

"கேஸ் புக் பண்ணணும்னா?"

"எனக்குப் போடு. நான் பண்றேன்."

"உன் மாமாவுக்குப் பேசணும்னா?"

அவன் ஸ்க்ரூ டிரைவரை நிறுத்திவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "மாமாகிட்ட நீதான் பேசறதே இல்லியே."

அது உண்மைதான். நானும் என் அண்ணனும் பேசுவதில்லை. அதற்குக் காரணம் ஸ்க்ரூ டிரைவரோடு என் எதிரில் நின்றுகொண்டிருந்தது. அது அவனுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

அவன் கல்யாணத்தின்போது பத்திரிகையை அவனே டிசைன் செய்தான். எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்றால் ஊரையே அதில் ஏற்றிவிடுவோம். அதில் யார் பெயர் விட்டுப்போனாலும் சமாளிக்கலாம், தாய்மாமன் பெயர் மட்டும் விட்டுப்போகக் கூடாது. மகன் அதையெல்லாம் கூட்டம் என்று நினைத்தான். "சிம்பிளா இருக்கணும்மா, கிளீனா இருக்கணும்" என்று சொல்லி, வெள்ளை அட்டையில் மாப்பிள்ளை, பொண்ணு, பெற்றோர், கோவில், நேரம் என்று மட்டும் போட்டு அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டான். அச்சாகி வந்தபிறகுதான் என் கண்ணில் காட்டினான். அந்த அட்டையைத்தான் நான் சைதாப்பேட்டையில் என் அண்ணன் கையில் கொடுத்தேன். அண்ணன் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர், எந்தத் தாளில் யார் பெயர் எங்கே வர வேண்டும் என்று பார்த்தே தலை நரைத்த மனிதர். அட்டையை ஒரு தடவை படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அழகா இருக்கு" என்றார்.

கல்யாணத்துக்கு வரவில்லை. மேடையில் தாய்மாமனுக்குப் போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது. ஒரு வரி அச்சுக்காகத் தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். தன் பெயர் இல்லாத அட்டையைக் கொண்டுவந்து நீட்ட இவளுக்கு எப்படி மனசு வந்தது என்று அவருக்கு ஆத்திரம். இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்பதால் யாரும் இறங்கி வரவில்லை. ஆத்திரம் அப்படியே இறுகிப்போனது.

சில வருஷம் கழித்து அண்ணி இறந்தார். போனேன், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன், அண்ணனும் நின்றார், பேசவில்லை. கல்லறையிலிருந்து வீடு திரும்பியதும் என் விரல் பழக்க தோஷத்தில் அவர் நம்பரைச் சுழற்றிவிட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் போன் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வழக்கம் இருந்தது. அவர் வீட்டிலிருந்து நான் திரும்பினாலும், என் வீட்டிலிருந்து அவர் திரும்பினாலும், போய்ச் சேர்ந்ததும் இரண்டு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். எடுக்கக் கூடாது. வந்து சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். மெட்ராஸில் அப்போது பாதி வீடுகளில் இந்தப் பழக்கம் இருந்தது. அன்றைக்கும் இரண்டு ரிங் விட்டு வைத்துவிட்டேன். மறுநாள் காலையில், கோவில் மணி அடித்து முடித்த கொஞ்ச நேரத்தில், என் போன் இரண்டு தடவை அடித்து நின்றது.

அன்றிலிருந்து அதுவே எங்கள் உறவாகிவிட்டது. காலையில் அவர் இரண்டு ரிங் விடுவார், நான் பதிலுக்கு இரண்டு ரிங் விடுவேன். தனியாக இருக்கும் இரண்டு பேர் இன்றைக்கும் கண்விழித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள அது போதும். ஒரு வார்த்தை பேசவில்லை, அதனால் யாரும் தோற்கவும் இல்லை. இதைத்தான் என் மகன் 'மாமாகிட்ட நீதான் பேசறதே இல்லியே' என்றான். அவனிடம் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அதற்கும் ஒரு பட்டன் வைத்திருப்பான். என் பழைய சுழற்றும் போனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு, முதியவர்களை நாம் எவ்வளவு கஷ்டப்படுத்துகிறோம் என்று காட்டுவதற்காம்.

மறுநாள் காலை அடுப்பில் பால் வைத்திருந்தேன். மணி பாதி அடித்தது, அந்த டப்பா திறந்துகொண்டது. ஹால் முழுக்க என் அண்ணன் கனைக்கும் சத்தம். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த கனைப்பு, அப்பாவிடம் திட்டு வாங்கப் போகுமுன் தொண்டையைச் சரிசெய்யும் அதே கனைப்பு. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. நானும் பேசவில்லை. பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அப்புறம் அவர் வைத்துவிட்டார்.

நான் எடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். எடுத்தவள் பேசட்டும் என்று அவரும், கூப்பிட்டவர் பேசட்டும் என்று நானும். பதிலுக்கு இரண்டு ரிங் விடவும் எனக்கு வழியில்லை. எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் விட்டு வரலாம்தான். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவன் நாம் ரிசீவரை வைக்குமுன்னே, "எடுக்கலியா டீச்சர்? இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லுவான்.

அடுத்த நாள் மறுபடி அடித்தது, திறந்தது. அன்றைக்கு வீட்டில் வேலைக்கு வரும் அம்மாள் இருந்தாள். கடற்கரைக் குப்பத்துக்காரி, எதையும் உரக்கத்தான் சொல்லுவாள். துடைப்பத்தோடு போனிடம் போய்க் குனிந்து கேட்டாள்.

"யாருப்பா அது? பேசு நைனா. டீச்சரு இங்கதான் கீறாங்க."

மூச்சுச் சத்தம் கொஞ்சம் வேகமானது. உடனே வைத்துவிட்டார். "இன்னா டீச்சர் இது, மூச்சு வுட்டுக்கினு பேசாம வச்சிட்டாரு?" என்று அவள் கேட்டதற்கு, ராங் நம்பர் என்றேன்.

அதற்குமேல் அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. தினமும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார், போன் தானாகத் திறந்துகொண்டது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. என் வீட்டை ஒட்டுக் கேட்க இந்த மனிதருக்கு என்ன உரிமை என்று தோன்றியது. அப்புறம் எனக்கே தெரியாமல் அந்த நேரத்துக்கு ஹாலில் இருக்க ஆரம்பித்தேன். ரேடியோவில் காலைச் செய்தி வைப்பேன். பேப்பரைப் பிரித்து, என் பாட்டுக்குச் சத்தமாக வாசித்து, என் பாட்டுக்குத் திட்டுவேன். மந்திரிகளைத் திட்டுவேன், பிஷப்பின் பிரசங்கத்தைத் திட்டுவேன், தண்ணீர் லாரிக்காரனைத் திட்டுவேன். போனைப் பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. யார் கேட்டாலும் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல முடியும். ஒருநாள் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு ஏதோ பட்டம் கொடுத்திருந்த செய்தியைப் படித்து, "இவருக்கா? பள்ளிக்கூடத்தில் எட்டாம் வாய்ப்பாடு தெரியாமல் முட்டி போட்டவர்" என்றேன். டப்பாவிலிருந்து மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனும் கூட்டாளியும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். வஞ்சிரம் வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டே கூட்டாளி ஒரு பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு, "ஃபீட்பேக் சொல்லுங்க ஆன்ட்டி" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன், வேறு என்ன சொல்வது. அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னா நல்லாக்கீது? தெனிக்கும் எவனோ ஒருத்தன் போன் பண்ணி பேசாமக் கீறான் தம்பி. மூச்சு வுடுற சத்தம் மட்டும் வருது. எனுக்கே பயமாக்கீது, டீச்சரு தனியா கீறாங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மகிழ்ந்துபோனார்கள். பிளாங்க் கால்! வயதான பெண், தனி வீடு, பேசாமல் மிரட்டும் ஆள். அவர்கள் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த பிரச்சினை என் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. கூட்டாளி கையைக்கூடக் கழுவாமல் எழுதிக்கொண்டான். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைடா" என்று நான் சொன்னதை, பயத்தில் மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். போனைக் கழற்றிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

"இனிமே கவலையே இல்லைம்மா" என்றான் மகன். "அந்தப் பக்கத்துலேருந்து குரல் வரலைன்னா போன் தானா வச்சிடும். வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு அறிவிப்பும் சொல்லும்."

அறிவிப்பு கூட்டாளியின் மனைவி குரலில் பதிவானது. மறுநாள் காலை நான் கேட்டேன். மணி பாதி அடித்தது, திறந்தது, கனைப்புச் சத்தம். நான் பேப்பரைப் பிரிக்குமுன் அந்தப் பெண் குரல் ஹாலில் தெளிவாகச் சொன்னது.

"பேசாதவர்களின் அழைப்பு ஏற்கப்பட மாட்டாது. வணக்கம்."

டொக் என்று வைத்துவிட்டது. மறுபடி அடித்தது, மறுபடி அதே அறிவிப்பு, மறுபடி டொக். பேச வேண்டும், உடனே "அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நான் போனிடம் ஓடுவதற்குள் மூன்றாவது தடவையும் அதுவே நடந்தது. கோர்ட்டில் வேலை பார்த்தவருக்கு அது தீர்ப்பு வாசித்த மாதிரி கேட்டிருக்கும். நாலாவது தடவை கூப்பிடவில்லை.

மறுநாள் காலை போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை. இத்தனை வருஷமாக அவர் கூப்பிடாவிட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது, அது எந்த நாளிலும் வராது என்ற தைரியத்தில் இருந்தேன். இப்போது இரண்டு அர்த்தம் ஆகிவிட்டது. நான்தான் ஆள் வைத்துப் பேசி விரட்டிவிட்டேன் என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா, அல்லது அந்த வீட்டில் தனியாக விழுந்து கிடக்கிறாரா? அதைத் தெரிந்துகொள்ள என் ஹாலில் ஊத்தப்பம் அளவு மூன்று பட்டன்கள் இருந்தன. ஒன்றில்கூட என் அண்ணன் இல்லை.

பூத்துக்குப் போனேன். நம்பர் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "எடுக்கலியா டீச்சர்?" என்று பூத்துக்காரன் ஆரம்பித்ததும் காசை வைத்துவிட்டு நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். வழி முழுக்க அந்தக் கனைப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கணவர் போனபோதுகூட இப்படிப் பயந்ததில்லை, அவர் ஆஸ்பத்திரியில் கண்முன்னே போனார். மாதாவே, கோபமாக இருக்கட்டும், கோபமாக மட்டும் இருக்கட்டும் என்று சைதாப்பேட்டை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் தெருவுக்குப் போக மார்க்கெட்டைத் தாண்ட வேண்டும். மீன் கடைகள் பக்கம் திரும்பியதும் குரல் கேட்டது.

"செவுளைத் திறந்து காட்டும்மா. நேத்து மீனை இன்னிக்கு என் தலையில கட்டலாம்னு பார்க்கிறியா?"

என் அண்ணன் ஒரு சங்கரா மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாதி மார்க்கெட்டுக்குக் கேட்கும்படி பேரம் பேசிக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழக் கூடைக்காரிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பார்த்தேன். குண்டுக்கல்லாட்டம் இருந்தார். அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. நான் அங்கே செபம் சொல்லிக்கொண்டு வருகிறேன், இவர் இங்கே செவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம்தான் சட்டையைக் கவனித்தேன். காலர் கிழிந்து நூல் தொங்கியது, கழுத்தைச் சுற்றி சட்டை தொளதொளவென்று இருந்தது. அண்ணி இருந்திருந்தால் அந்தச் சட்டையோடு அவரை வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டார். போய் முன்னால் நின்றிருக்கலாம். நின்றால் நான் முதலில் பேசியதாக ஆகிவிடும். திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கை தானாகப் போனிடம் போனது. அவர் ஏரியாவுக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன், இரண்டு ரிங் விட வேண்டும். சுழற்ற ஒன்றும் இல்லை. டை கட்டிக்கொண்டு என் மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பின்மேல் ஓங்கி ஒரு குத்து விட்டேன். ஆபீசில் எடுத்தான்.

"ஒரு நம்பர் சொல்றேன். போட்டு, ரெண்டு ரிங் விட்டு வச்சிடு."

"யார் நம்பர்மா?"

"உன் மாமா நம்பர்."

"மாமாவா? என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லக் கூடாது. ரெண்டே ரிங்."

"ரெண்டு ரிங் விட்டா அவர் எப்படிம்மா எடுப்பார்?"

"எடுக்கக் கூடாதுன்னுதான்டா விடறது" என்று சொல்லி நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டான். தாய்மாமன் போன் நம்பரை முதன்முதலாக எழுதிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் என் டப்பா பாதி மணி அடித்துத் திறந்துகொண்டது. பேச்சில்லை. தி. நகர் ஏ.சி.யின் உறுமல் மட்டும் கேட்டது. நான் என்ன என்று கேட்குமுன் கூட்டாளியின் மனைவி, "பேசாதவர்களின் அழைப்பு ஏற்கப்பட மாட்டாது. வணக்கம்" என்று சொல்லி என் மகனை வெளியே தள்ளிவிட்டாள். மறுபடி கூப்பிட்டான். இந்த முறை உடனே பேசினான், குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மாமா எடுத்துட்டார்மா. மொத ரிங்லயே எடுத்துட்டார்."

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். மீனைக்கூட அப்புறம்தான் கழுவியிருப்பார்.

"என்ன சொன்னார்?"

"எதுவும் சொல்லலை. நான் ஹலோ மாமா, ஹலோ மாமான்னேன். கனைச்சார். அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும்…" நிறுத்தினான். "அம்மா, அந்த பிளாங்க் கால்…"

"ஆமா."

"பேசுடா, இல்லேன்னா உன் போன் வச்சிடும்" என்றேன்.

"நீ ஏம்மா சொல்லலை?" என்றான். அப்புறம், என் மகன் என் மகன்தான், கொஞ்சங்கூட மாறவில்லை. "சரிம்மா, ஒண்ணும் பிரச்சினை இல்லை. மாமாவுக்கு நாலாவதா ஒரு பட்டன் வச்சிடறேன். இடம் இருக்கு. அவர் போட்டோ ஒண்ணு வேணும். கல்யாண ஆல்பத்துலேருந்து எடுத்து…"

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். கல்யாண ஆல்பத்தில் அவன் மாமா இல்லை. எத்தனை பக்கம் புரட்டினாலும் இல்லை. அது ஏன் என்பது இத்தனை வருஷம் கழித்து, ஒரு பட்டனுக்குப் போட்டோ தேடியபோது, அவனுக்கு உறைத்தது. இந்த முறை நானும் பேசவில்லை. அறிவிப்பு வந்து, வணக்கம் சொல்லி, வைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே என் பழைய போனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். டப்பாவைக் கழற்றினான், இதை மாட்டினான். போகும்போது வாசலில் நின்று, "மாமாவைப் போய்ப் பார்க்கணும்மா" என்றான். பார் என்றேன். போனானா என்று கேட்காதீர்கள். பார்க்கணும், பார்க்கணும் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் போனை பேங்க் மேனேஜரும் இன்னும் சிலரும் வாங்கினார்கள் என்று கேள்வி. அப்புறம் அந்த ஏ.சி. அறைக்கு ஒரு டியூஷன் சென்டர் வந்துவிட்டது.

மறுநாள் காலை கோவில் மணி அடித்தது. பால் வைத்தேன். ரேடியோ போடவில்லை, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு போனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது. பால் காய்ந்தது, இறக்கினேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். போன் அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றுவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. மூன்றாவது ரிங் வந்தது, நாலாவது வந்தது. அந்த மனிதர் வைக்கவில்லை. ஐந்தாவதில் எடுத்துக் காதில் வைத்தேன். நான் பேசவில்லை. அவர் கனைத்தார்.

"ஏன், இன்னிக்கு ரேடியோ போடலியா?" என்றார்.

ரிசீவரை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து, ரேடியோவைப் போட்டேன். செய்தி பாதிக்கு மேல் ஓடியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பரைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து சத்தமாகத் திட்ட ஆரம்பித்தேன்.